நெட் இல்லாதபோது ஓடும் டைனோசர்

இன்டர்நெட் இணைப்பு துண்டிக்கப்பட்டால் குரோம் பிரவுசரில் குட்டி டைனோசர் தெரியும். வைரஸோ என்று பயப்பட வேண்டாம். கூகுள் 2014-ல் சேர்த்த கேம் இது. எதையும் டவுன்லோட் செய்யத் தேவையில்லை.

ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடத் தொடங்கும். மீண்டும் தட்டினால் தாண்டும். வழியெங்கும் கள்ளிச் செடிகள். (எங்கள் கள்ளிக்குப்பத்தில் கூட இத்தனை கள்ளியை நான் பார்த்ததில்லை!) போகப் போக வேகம் கூடும், செடி நெருங்கும்வரை காத்திராமல் முன்பே தட்டுங்கள். தாண்டியவுடன் டவுன் ஆரோ கீயை அழுத்தினால் சட்டென்று தரையிறங்கும். நெருக்கமாக வரும் செடிகளை நான் சமாளிப்பது இப்படித்தான். தலை உயரத்தில் பறந்து வருபவற்றுக்கும் அதே கீயை அழுத்திக் குனியலாம்.

700 புள்ளிகளில் திரை கறுப்பாகும். மானிட்டர் கோளாறு அல்ல. கேமில் இரவு வந்துவிட்டது, அவ்வளவுதான்.