நஷ்டத்துக்கு ஒரு கணக்கு

நெய்வேலிக்குப் போயிருக்கிறீர்களா? கோடு கிழித்தாற் போன்ற சாலைகள், பெயருக்குப் பதிலாக எண் போட்ட 'பிளாக்'குகள், வீட்டைச் சுற்றி மரங்கள். 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு அங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் அந்த ஊர்க் குடித்தனங்களுக்கு 'ஷிப்ட்'தான் கடிகாரம். போனவர் எப்போது திரும்புவார் என்பது அடுப்படியில் இருப்பவளுக்கு மனப்பாடம்.

2020 ஜூலை முதல் தேதி காலையில் அந்தக் கடிகாரம் நின்று போயிற்று. இரண்டாவது அனல் மின் நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் கொதிகலன் வெடித்தது. அன்றே ஆறு பேர் மாண்டார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டு போகப்பட்டவர்களில் மேலும் பலர் பிழைக்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மே 7-ந் தேதி, பக்கத்து ஆறாவது யூனிட்டிலும் இதே போன்ற விபத்து நடந்திருந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய், காயமடைந்தவருக்கு 5 லட்சம் என்று நிர்வாகம் அறிவித்தது.

இப்படிப் பேரிடி விழும்போது பத்திரிகையில் வருகிறது, தொகையும் அறிவிக்கப்படுகிறது. ஆனால் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவருக்கும், இயந்திரத்தில் விரலைப் பறி கொடுத்தவருக்கும் யார் அறிவிப்பு விடுவார்கள்? அவர் வீட்டுக்காரிதான் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம்.

வேலையில் அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் உபகாரமில்லை. 1923-ஆம் வருஷத்துச் சட்டமே அதைக் கடமை ஆக்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. கணக்குப் போடும் முறை பெரும்பாலும் பழையதுதான். ஒருவர் இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதி, நிரந்தரமாக முற்றிலும் முடங்கினால் நூற்றுக்கு அறுபது. அதை வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி 3 முதல், எவ்வளவு அதிகச் சம்பளமானாலும் இந்தக் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்று வைத்தார்கள். அப்போது நாற்பது வயதுக்காரர் ஒருவர் முடங்கிப் போனார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 15,000-ல் அறுபது சதவிகிதம் 9,000. நாற்பது வயதுக்கு எண் 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகூடப் போட்டுவிடும் கணக்கு! ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தடித்தால் பழைய சட்டப்படி நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியும் உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் இந்த வழியில்லை; அவர்களுக்கு அங்கேயே தனி உதவித் தொகை இருக்கிறது.

"எங்கள் வீட்டுக்காரர் கான்ட்ராக்ட் ஆள்தானே அம்மா, கம்பெனியில் கேட்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம். கம்பெனியின் தொழிலுக்கான வேலையைக் கான்ட்ராக்டர் மூலம் செய்வித்தாலும் நஷ்ட ஈட்டுக்குக் கம்பெனியே பொறுப்பு. கொடுத்த பிறகு கான்ட்ராக்டரிடம் அவர்கள் வசூலித்துக் கொள்ளட்டும். அது அவர்கள் பாடு.

எது முழு முடக்கம் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1968-ல் ஒரிசாவில் சினிமாக் கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை செய்து கொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போயிற்று, பகுதி ஊனம்தானே என்று வாதாடினார் கொட்டகைக்காரர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியுமா என்று பார்த்த சுப்ரீம் கோர்ட், 1975-ல், இது முழு முடக்கமே என்று தீர்த்தது. விபத்து நடந்த அன்றே பணம் கொடுக்கும் கடமையும் பிறந்துவிட்டது என்றும் சொல்லிற்று. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சதவிகிதம் வேறு, பிழைப்பில் விழுந்த அடி வேறு. ஆகவே சர்ட்டிபிகேட்டோடு, அவர் என்ன வேலை செய்து வந்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் எழுதி வையுங்கள்.

துக்கத்தில் இருக்கும்போது யாராவது ஒரு தொகையை நீட்டி, "இதோடு சரி" என்று காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடாதீர்கள். உரிமையை விட்டுக் கொடுப்பதாக எழுதி வாங்கினால் சட்டப்படி அது செல்லாது என்றாலும், வீண் அலைச்சல். இறந்தவருக்கான நஷ்ட ஈடு அதற்கென உள்ள அதிகாரி மூலம்தான் வர வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும்.

சாலையில் வண்டி மோதினால் வழி வேறு: மோட்டார் விபத்து டிரிபியூனல். அங்கே மருந்துச் செலவு மட்டுமல்ல, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த வண்டிச் சத்தம், வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், உடம்பு தேற வாங்கிய சத்துணவு எல்லாமே கணக்கில் ஏறும். பில் வேண்டும். மளிகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் நமக்கு இது பெரிய காரியமா? ஒரு பழைய பிஸ்கட் டப்பா போதும்.

சரி, அடிபட்டது இல்லத்தரசியே என்றால்? சம்பளமே இல்லாதவளுக்கு என்ன வருமான நஷ்டம்? நெய்வேலியைப் போலவே தொழில் நகரமான ஜாம்ஷெட்பூரில், 1989 மார்ச் 3-ந் தேதி, ஸ்தாபகர் தின விழாப் பந்தலில் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2001-ல் சுப்ரீம் கோர்ட், இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதித்தது. சமையலுக்கு ஓர் ஆள், துணி துவைக்க ஓர் ஆள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஓர் ஆள் என்று வைத்துப் பார்த்தால் அன்றைக்கே அது போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான்! ஆனாலும் கணக்கில் ஒரு வரி விழுந்துவிட்டது. 2021-ல் வேறொரு வழக்கில் அதே கோர்ட் ஒரு சர்க்கார் புள்ளி விவரத்தை எடுத்துக் காட்டிற்று: சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுகிறார்களாம்.

இந்தக் கடைசி வரியை மட்டும், இன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, வீட்டுக்காரருக்குச் சற்று உரக்கப் படித்துக் காட்டுங்கள்.