சோதனைச்சாலைக்குள் ஒரு தெரு

புதுச்சேரி கதிர்காமத்துத் தெருவொன்றில் நின்று ஒருவர் கைப்பேசியில் பேசுவதாக வைத்துக்கொள்வோம். கோபுரத்திலிருந்து புறப்படும் வானொலி அலை ஒரே வழியில் அவரை வந்தடைவதில்லை. ஒரு பகுதி நேரே வருகிறது. ஒரு பகுதி எதிர்வீட்டுச் சுவரில் மோதித் திரும்புகிறது. இன்னொரு பகுதி ஓடும் பேருந்தின் தகட்டில் பட்டு வருகிறது. இவை ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும்; மற்றோரிடத்தில் அழித்துவிடும். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டரே ஆதலால், கைப்பேசி சற்று நகர்ந்தாலும் அலையின் வலிமை மாறக்கூடும்.

நெடுங்காலம் பகையாகக் கருதப்பட்ட இந்த எதிரொலிப்பைப் பயனுள்ளதாக மாற்றியவர்களுள் முதன்மையானவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். பல ஆண்டெனாக்களால் அனுப்பிப் பல ஆண்டெனாக்களால் ஏற்றால், வழிகளின் வேறுபாட்டைக் கொண்டே ஒரே அலைவரிசையில் பல செய்திகளைப் பிரித்தறியலாம் என்று அவர் கண்டார். தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1994-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

இத்தகைய கருவியைச் சோதிப்பது எவ்வாறு? நான்கு ஆண்டெனாக்கள் அனுப்ப, நான்கு ஏற்றால், அவற்றிடையே பதினாறு இணைப்புகள் உண்டு. தெருவில் சோதித்தால், பிழை கருவியினுடையதா, குறுக்கே வந்த பேருந்தினால் நேர்ந்ததா என்று சொல்ல முடியாது. நேற்றைய தெரு இன்று திரும்ப வராது.

ஆகவே, தெருவையே சோதனைச்சாலைக்குள் கொண்டுவரும் 'சேனல் எமுலேட்டர்' என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். அனுப்பும் கருவிக்கும் ஏற்கும் கருவிக்கும் இடையே அதனைக் கம்பிவடத்தால் இணைப்பர். அது ஒவ்வொரு சைகையையும் எண்களாக்கி, தாமதப்படுத்தி, வலிமை குறைத்து, ஒன்றோடொன்று கலந்து தருகிறது. 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றிவரும் அலைக்கு ஒரு மைக்ரோ விநாடி தாமதம். வண்டியின் வேகத்தால் நேரும் அதிர்வெண் மாற்றத்தையும் அதுவே உண்டாக்கும். அதே தெருவை, அதே பேருந்துடன், நூறு முறை வேண்டினாலும் மாறாமல் தரும்.

சோதனை வசதி இல்லாத நாட்டில் கண்டுபிடிப்பாளன் அயல்நாட்டின் வாயிலில் காத்திருக்க நேரும். நம் சிறு நிறுவனங்கள் சில ஐந்தாம் தலைமுறைக் கருவிகளைச் சோதிக்க வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. அக்குறையை நீக்கவே, சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 220 கோடி ரூபாய்ச் செலவில் அமைத்த சோதனைக்களம் 2022 மே 17-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். எமுலேட்டருக்குத் தெருவைக் கற்பிப்பவை மெய்யான தெருவில் எடுத்த அளவுகளே. நம் ஊர்ச் சுவர்களையும் மரங்களையும் பொறுமையாக அளப்பவர் இல்லையேல், கருவி வேறோர் ஊரின் தெருவையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பணிக்கு உங்களைப் போன்ற இளைஞர்கள் தேவை.