ஆள் கிடைக்காத ஒதுக்கீட்டு இடம்

தேர்வு முடிவு வெளியானபின் அறிவிக்கப்பட்ட இடங்களைவிடத் தேறியவர்கள் குறைவாக இருந்தால், மிஞ்சும் இடங்களுக்கு அரசு மூன்றில் ஒன்றைச் செய்யலாம். வேறு பிரிவினருக்குக் கொடுக்கலாம், அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம், அல்லது தேர்ச்சிக்கான மதிப்பெண்ணைத் தளர்த்தலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டில் இந்திய அரசு மூன்றையும் செய்து பார்த்தது. எடுத்து வைப்பதும் தளர்த்துவதும் உச்ச நீதிமன்றப் படியேறின.

1950களில் மத்திய அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 12.5 விழுக்காடும் பழங்குடியினருக்கு 5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒதுக்கீட்டு இடத்துக்குத் தகுதியானவர் கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு அது பொது இடமாகிவிடும். ஆனால் அதே எண்ணிக்கை அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டோடு கூட்டப்படும்; அப்போதும் நிரம்பாவிட்டால் அதற்கும் அடுத்த ஆண்டுக்குப் போகும். இரண்டு ஆண்டு பாக்கி சேர்ந்தால் ஒதுக்கீடு வீங்கும் என்பது கணக்கறிந்த எவருக்கும் தெரியும். 1960இல் அதுதான் நடந்தது. மத்தியத் தலைமைச் செயலகத்தில் உதவிக் கண்காணிப்பாளர் பதவி உயர்வுக்கான தேர்வில் 45 இடங்களில் 29 ஒதுக்கீட்டுக்குப் போயின. தேவதாசன் என்ற உதவியாளர் வழக்குத் தொடுத்தார். 1963இல் நான்கு நீதிபதிகள் அந்த விதியைச் செல்லாது என்றனர். நீதிபதி சுப்பாராவ் மட்டும் மாறுபட்டு, இழந்த வாய்ப்பைப் பின்னால் ஈடுகட்டுவதில் தவறில்லை என்ற பக்கம் நின்றார்.

1992இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த மண்டல் வழக்கில் நிலைமை பாதி மாறியது. பாக்கியை எடுத்துச் செல்வது தன்னளவில் செல்லும், ஆனால் எந்த ஆண்டிலும் ஒதுக்கீடு பாதியைத் தாண்டக் கூடாது என்றது தீர்ப்பு. இதையொட்டி 1997 ஆகஸ்டில் மத்திய அரசு பாக்கி இடங்களையும் 50 விழுக்காட்டு வரம்புக்குள் அடக்கியது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த இடங்களை ஒரே மூச்சில் நிரப்பும் வழி அதோடு அடைபட்டது. நாடாளுமன்றம் 2000இல் 81ஆவது திருத்தத்தால் 16(4பி) பிரிவைச் சேர்த்து, பழைய பாக்கியை அந்த ஆண்டின் இடங்களோடு கூட்டாமல் தனி வகுப்பாகக் கருதலாம் என்றது. பின்னடைவுப் பணியிடங்களுக்கென்றே சிறப்பு ஆள்சேர்ப்பு அறிவிக்க இப்போது அரசியல் சாசனத்தின் துணை அதுதான்.

இடத்தைப் பிறருக்கு விடும் முதல் வழி நேரடி ஆள்சேர்ப்பில் 1989இலேயே பொதுவாகத் தடை செய்யப்பட்டது. பொதுநலன் கருதி, உயர்நிலைப் பதவிகளில் அரிதாக மட்டும் விதிவிலக்கு உண்டு. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் இப்படி விடுவிக்க வழிகூறும் வரைவொன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டது 2024 ஜனவரியில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. எந்த இடமும் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்படாது என்று கல்வி அமைச்சகம் விளக்கம் கொடுக்க நேர்ந்தது.

மூன்றாவது வழியான தளர்வுக்குத் தெளிவான சான்று கேரளத்தில் கிடைக்கிறது. அங்கே கீழ்நிலை எழுத்தர்கள் மேல்நிலை எழுத்தராக உயரத் துறைத் தேர்வுகளில் தேற வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி எழுத்தர்கள் பலர் தேறாமல் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தனர். 1972இல் அவர்களுக்கு இரண்டாண்டு விலக்கு அளிக்கப்பட்டது. பதிவுத் துறையில் அந்த ஆண்டு 51 உயர்வு இடங்களில் 34 இடங்கள் அவர்களுக்குச் சென்றன. அத்துறை ஊழியர் என்.எம். தாமஸ் தொடுத்த வழக்கில் 1975இல் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் விலக்கு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது, அது நிரந்தர விலக்கல்ல என்பதுதான். இடத்தை முதலில் கொடுத்துவிட்டு, தேர்வில் தேற அவகாசம் கொடுத்த ஏற்பாடு அது. தளர்வு என்றாலே தகுதிக் குறைவு என்று பேசுவோர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் தவறவிடுகின்றனர்.

இருந்தும் 1996இல் வினோத் குமார் வழக்கில், பதவி உயர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைப்பது நிர்வாகத் திறனைப் பேசும் 335ஆவது பிரிவுக்கு ஒவ்வாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு சலுகை திரும்பப் பெறப்பட்டது. 2000இல் 82ஆவது திருத்தம் அதை மீட்டது.

எழுத்துத் தேர்வில் ‘கட்-ஆஃப்’ எவ்வளவு என்பது காகிதத்தில் தெரியும், வாதாட முடியும். நேர்முகத் தேர்வில் ‘தகுதியானவர் எவருமில்லை’ என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் என்ன அளவுகோல் இருந்தது என்பதைக் கண்டுபிடிப்பது கடினம். 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வே இல்லை. பேராசிரியர் பதவிகளில் அது தொடர்கிறது. மேற்சொன்ன வரைவு அங்கே அத்தனை சினத்தைக் கிளப்பியதில் வியப்பில்லை.

தமிழ்நாடு வேறொரு வழியும் கண்டது. 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டது. தகுதியான அருந்ததியர் கிடைக்காவிட்டால் அந்த இடம் மற்ற பட்டியல் சாதியினருக்குச் செல்லும். பட்டியலை விட்டு வெளியே போகாததால் பாக்கி கணக்கு பெருகுவதில்லை. ஆனால் பிற்பட்ட உட்பிரிவுக்கு அந்த ஆண்டு கிடைக்காத இடம் அதற்கே பின்னால் திரும்பி வரும் என்ற உறுதியும் இல்லை. இத்தகைய உள்ஒதுக்கீட்டை மாநிலங்கள் செய்யலாம் என்பதை 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது.