எப்பவும் டயர்டா இருக்கா? 'வேலை அதிகம்'னு விட்டுடாதீங்க... பெண்கள் கவனிக்க வேண்டிய ரெண்டு கணக்கு!

"காலையில எழுந்திருக்கும்போதே உடம்பு அசதியா இருக்கு." வேலைக்குப் போகும் பெண்கள் பலர் சொல்வதுதான் இது. "வீடு, ஆபீஸ்னு ரெண்டு பக்கமும் ஓடினா அப்படித்தான் இருக்கும்" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். டாக்டரிடம் போவது அத்தோடு தள்ளிப்போகும்.

உண்மையில் இந்தச் சோர்வுக்குப் பின்னால் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று நேரம், இன்னொன்று ரத்தம். இரண்டையுமே சரிபார்க்க முடியும்.

289 நிமிடம் Vs 88 நிமிடம்

மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதிலும், வீட்டு வேலை செய்யும் ஆண்களின் சராசரிதான் இந்த 88. எதுவுமே செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

2019 ஆய்வில் இது பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97 நிமிடமாக இருந்தது. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டதே! அப்புறம் எங்கே பகிர்ந்துகொண்டோம்?

கேஸ் எப்போ தீரும், ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசி தேதி என்ன, மாமியாரின் சுகர் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கு... இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது எந்த நிமிடக் கணக்கிலும் வராது.

ரத்தத்தில் என்ன நடக்கிறது?

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்லும் தகவல் இது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 57 சதவீதம். பாதிப் பேருக்கு மேல் என்பதால்தான் சோர்வு 'நார்மல்' போலத் தெரிகிறது.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, தலைசுற்றல், முடி கொட்டுவது எல்லாம் அறிகுறிகள். பச்சை அரிசி, சாக்பீஸ், ஐஸ் என்று எதையாவது மெல்லத் தோன்றுவதும்கூட இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். சிலருக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலில் இரும்பின் இருப்பு தீர்ந்துபோயிருக்கும். அதைக் காட்டும் டெஸ்ட், ஃபெரிட்டின். தைராய்டு, சுகர் டெஸ்ட்டும் சேர்த்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாதவிடாய் 7 நாளைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பேடு மாற்ற வேண்டியிருந்தாலோ, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ரத்தம் அப்படிப் போய்க்கொண்டிருந்தால் மாத்திரை மட்டும் போதாது.

பேரீச்சம்பழம், பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பார்கள். இரண்டிலும் இரும்பு நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், சுவரொட்டி நல்லது (கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடவும்). கீரை, பயறுடன் எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்தால் இரும்பு உடலில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதுதான் பெரிய எதிரி. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருக்கும் குழம்பில் சாதம் பிசைந்து சாப்பிடும் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் டெஸ்ட் இலவசம். இரும்பு மாத்திரையால் மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் நீங்களாக நிறுத்தாமல், மாற்று மாத்திரை கேளுங்கள்.

"கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" ஏன் வேலைக்கு ஆகாது?

மாத்திரை ரத்தத்தைச் சரிசெய்யும். அந்த 289 நிமிடத்தை? அதற்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்களேன்" என்றால், எதை எப்போது செய்வது என்று யோசிக்கும் வேலை மறுபடி உங்களிடமே இருக்கும். "வெங்காயம் எங்கே? எத்தனை விசில்?" என்று பத்து கேள்வி வரும்.

பதிலாக ஒரு வேலையை முழுசாகக் கொடுங்கள். "ஏங்க, எனக்கு ஹீமோகுளோபின் 9-தான் இருக்கு. செவ்வாய், வியாழன் டிபனும் லன்ச் பாக்ஸும் உங்க பொறுப்பு. என்ன செய்யலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க." ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், 'சும்மா புலம்புறா' என்று ஒதுக்க முடியாது. முதல் இரண்டு வாரம் உப்பு கூடும், குறையும். அதற்காகத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்!

மாமியாரிடமும் அப்படித்தான். "அத்தை, நீங்க சாயங்காலம் பாப்பாவைப் பார்த்துக்கிட்டா நான் ஆஸ்பத்திரி போயிட்டு வந்துடுவேன்" என்று நாளும் நேரமும் சொன்னால், சம்மதம் கிடைப்பது எளிது. வீட்டில் கேட்க யாரும் இல்லாதவர்களுக்கு அக்கா, பக்கத்து வீடு, மகளிர் குழுத் தோழிகள் என்று வட்டம் வேறாக இருக்கும். கேட்கும் முறை ஒன்றுதான்.

வேலையிடத்தில் என்ன கேட்கலாம்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள், நிறுவனம் இஎஸ்ஐ-யில் பதிவாகியிருந்தால், சிகிச்சை பெறலாம். டாக்டர் சான்றிதழுடன் ஓய்வெடுத்தால், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடைக்காது. அதனால் ஒருநாள் லீவுக்கு இதை நம்ப வேண்டாம். பனியன் கம்பெனியிலோ ஷோரூமிலோ வேலை பார்ப்பவர்கள், பிடித்தம் போகிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி கட்டாயம். தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பதும் சட்டம். இதைத் தனி ஆளாகக் கேட்பதைவிட நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்பது நல்லது.

கேட்டதற்கு அடியோ திட்டோ விழுந்தால்?

அது வேலைப் பகிர்வுப் பிரச்சினை அல்ல, வன்முறை. 181 மகளிர் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். ரத்த டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தும் அழுகை வருகிறது, தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால், மனநல ஆலோசனைக்கு 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.