குளிசையோடு வேலையும் வேண்டும்

சொந்தக் காணியை விட்டு வந்து பிறர் தோட்டங்களில் கூலிக்குப் போகும் எமது குடும்பங்களில், ஒருவருக்கு மனநோய் வந்தால் அவரை வீட்டோடு இருத்திவிடுகிறோம். முதலில் வருத்தம் மாறட்டும், பிறகு வேலையைப் பார்ப்போம் என்கிறோம். ஆனால் வேலையின்றி மூலையில் இருப்பவரின் வருத்தம் மாறுவதும் கடினமே.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், 1990களில் டெபோரா பெக்கர், ரொபர்ட் டிரேக் என்போர் வேறொரு முறையை வகுத்தனர். நீண்ட பயிற்சிக்குப் பின் வேலை என்றிராமல், விரும்புகிற ஒருவருக்குப் பிடித்தமான, சம்பளமுள்ள சாதாரண வேலையை முதலில் தேடிக் கொடுத்து, வேலை செய்யும்போது அவருக்குத் துணை நிற்பதே அம்முறை. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், பழைய முறையிலும் பார்க்க ஏறத்தாழ இரு மடங்கினர் இவ்வழியில் வேலை பெற்றனர்.

கிடைத்த வேலையை நிலைக்கச் செய்வதில்தான் எமது பங்கு அதிகம். குளிசையால் காலையில் தூக்கக் கலக்கம் இருக்கலாம். அதைச் சோம்பல் என ஏசாமல், சற்றுப் பிந்தித் தொடங்க விடலாம். குளிசை எடுக்கும் நேரத்தை மாற்ற முடியுமா என வைத்தியரைக் கேட்கலாம். நாமாக நிறுத்தக் கூடாது. குளோர்புரோமசின் எடுப்பவரின் தோல் வெயிலில் இலகுவில் கருகும். தொப்பியும் நீளக்கைச் சட்டையும் தேவை. லித்தியம் எடுப்பவர் வேர்த்து உடல் வற்றினால் மருந்து இரத்தத்தில் கூடி நஞ்சாகலாம். தண்ணீர்ப் போத்தல் அவர் பக்கத்தில் இருக்கட்டும். நித்திரை கெட்டால் வருத்தம் திரும்பக்கூடும். ஆகவே இரவு இறைப்பும் காவலும் அவருக்கு வேண்டாம். கிளினிக் நாளில் லீவு கிடைக்க முன்கூட்டியே பேசி வைப்போம். ஆனால் அவருடைய சம்மதமின்றி நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்லக் கூடாது.

மற்றவர்களுக்குரிய அதே கூலி, அவருடைய கையிலேயே கொடுக்கப்பட வேண்டும். "விசர்" என்ற சொல் தோட்டத்திலும் வீட்டிலும் ஒலிக்கக் கூடாது. நித்திரையின்மை, காரணமற்ற சந்தேகம், தனியே பேசுதல் ஆகியவை தொடங்கினால் உடனே கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

கல்லறைகளிடையே வாழ்ந்தவரைச் சுகப்படுத்திய இயேசு, அவரைத் தம்முடன் வைத்துக்கொள்ளாமல் அவருடைய வீட்டாரிடமே அனுப்பினார் என மாற்கு கூறுகிறார். திரும்பி வருபவருக்கு ஓர் இடமும் ஒரு மண்வெட்டியும் வைத்திருப்பது வீட்டாராகிய எமது கடமை.