வியர்வைக்கு 94, பங்குக்கு 25!

“வரியை ஏற்றாதே! விளையாட்டு வீரன் வீழ்வான், தொழில் படுத்துவிடும்” என்று அலறுகிறார்கள் சீமான்கள். அவர்கள் கூண்டிலேற்றும் சாட்சி, குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி. நாமும் விசாரிப்போம்.

அலபாமாவில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவரின் பிள்ளை. ஃபோர்டு ஆலையில் உழைத்த கறுப்பினத் தொழிலாளி. 1937 முதல் 1949 வரை உலகச் சாம்பியன். 1942-இல் இரு பந்தயங்களின் பரிசுப் பணத்தைப் படையினர் நிவாரண நிதிகளுக்கு அள்ளிக் கொடுத்தார். வரிக்கடனோ வட்டியோடு வளர்ந்தது. ஓய்வு பெற்றவர், கடனடைக்க 1950-இல் மீண்டும் மேடையேறித் தோற்றார். 1951 அக்டோபரில், 37 வயதில், மார்சியானோவின் குத்தில் எட்டாவது சுற்றில் சாய்ந்தார்.

நெஞ்சு பதறுகிறது. ஆனால் தோழர்களே, குற்றவாளி வரியா?

1944-இல் அமெரிக்காவில் உச்ச வருமானத்துக்கு வரி 94 விழுக்காடு. 1963 வரை அது 80-க்குக் கீழே இறங்கவில்லை. தொழில் படுத்ததா? இல்லை, வளர்ந்தது! அதே 1944-இல், பங்குகளை வைத்திருந்து விற்ற முதலாளியின் இலாபத்துக்கு உச்ச வரி 25 விழுக்காடுதான்!

உடலை விற்றுப் பிழைப்பவனுக்குச் சம்பாத்தியம் சில ஆண்டே. பங்கு வைத்திருப்பவனுக்கோ வாழ்நாள் முழுதும். வருமானத்தைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பிக் கணக்கிடும் சலுகைச் சட்டம் 1964-இல்தான் வந்தது. லூயிக்கு அது காலங்கடந்த மருந்து.

“வரியை ஒழி” என்பது சீமான் கூச்சல். “ஓரவஞ்சனையை ஒழி” என்பதே நம் முழக்கம்!