உஷார்! அடிபட்ட நாய் எழுந்து நடந்தால் நம்பிவிடாதீர்கள்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு தெருவில் யாரோ ஆயிரம்வாலா கொளுத்தினார்கள். வாசல் கேட் ஒருக்களித்துத் திறந்திருந்தது. எங்கள் நாய் கறுப்பன் வெளியே பாய்ந்துவிட்டான். தெருமுனையில் திரும்பிய குட்டி யானை வண்டி அவனை இடித்துத் தள்ளியது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவனே எழுந்து உடம்பை ஒரு உதறு உதறினான். வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடியே வீட்டுக்கு வந்தான், தொட்டியில் தண்ணீர் குடித்தான், மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"எந்திரிச்சு நடந்துட்டான்ல, ஒண்ணும் ஆகாது. காலையில மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றார் எதிர்வீட்டு மாமா. நாங்களும் சரி என்றோம்.

அந்தச் 'சரி' அவன் உயிரைக் குடித்திருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பால்சோறு எடுத்துப்போன அம்மாவுக்கு அவன் வாலை ஆட்டவில்லை. ஈறைப் பார்க்கலாம் என்றால் கறுப்பனுக்கு ஈறும் கறுப்பு. அம்மாதான் அவன் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். எப்போதும் செக்கச்செவேல் என்றிருக்கும் உள்சதை, அவித்த முட்டையின் வெள்ளை போல வெளுத்திருந்தது. பாதத்தைத் தொட்டால் ஜில்லிட்டிருந்தது. போர்வையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் வயிறு முழுக்க ரத்தம். "காலையில கொண்டு வந்திருந்தீங்கன்னா எனக்கு வேலையே இருந்திருக்காது தம்பி" என்றார் டாக்டரம்மா.

நாய் வளர்க்கும் எல்லோருக்கும் சொல்கிறேன், அடிபட்ட நாய் காட்டும் தெம்பை நம்பாதீர்கள். அடிபட்ட அதிர்ச்சியில் உடம்பு சுரக்கும் அட்ரினலின் வலியை அமுக்கிவிடும். தொடை எலும்பு முறிந்த நாய்கூட மூன்று காலில் ஓடிவிடும். வலியை வெளியே காட்டாமல் ஒதுங்கிப் படுப்பது அதன் பிறவிக்குணம். அமைதியாகப் படுத்திருக்கிறதே, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கும் நேரத்தில் உள்ளே மண்ணீரலிலோ ஈரலிலோ ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். நுரையீரலில் பட்ட ஊமைக்காயம் முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது, அடுத்த ஒரு நாளுக்குள் முற்றும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறியிருக்கலாம். மூத்திரப்பை கிழிந்த நாய்கூடச் சில நேரம் கொஞ்சம் மூத்திரம் போகும். "ஒண்ணுக்குப் போயிட்டான், பயமில்லை" என்பதும் பொய்த் தைரியம்தான்.

அதனால் வண்டி இடித்தாலோ மாடியிலிருந்து விழுந்தாலோ, வெளியே ஒரு கீறல் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். போகும் வழியில் ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அதற்குமேல் ஆனாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. கேட்டுப் பாருங்கள், ஆனால் கையில் வண்டி இருந்தால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இருக்கிறது. நாமக்கல்லிலும், ஒரத்தநாட்டிலும், திருநெல்வேலியிலும் இதேபோல் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. எது எவ்வளவு தூரம், ராத்திரியில் யார் பார்ப்பார்கள் என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

தூக்கும் விதத்திலும் ஆபத்து இருக்கிறது. முன்னங்கால் இரண்டையும் பிடித்து இழுக்காதீர்கள், முதுகெலும்பில் அடியிருந்தால் தண்டுவடம் நசுங்கிப் பின்பாதியே செயலிழந்துவிடும். பலகையோ கெட்டியான போர்வையோ அருகில் விரித்து, உடம்பு வளையாமல் அதன்மேல் நகர்த்தி, இரண்டு பேராகத் தூக்குங்கள். வாயைத் துப்பட்டாவால் கட்டிவிடுங்கள். வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ கட்டக் கூடாது. பத்து வருஷம் மடியில் வளர்ந்த நாயும் வலி தாங்காமல் கடிக்கும். கடித்துவிட்டால் "நம்ம வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஊசி போடப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது.

அடுத்தது மருந்து டப்பா. எனக்கு நெஞ்சு பதறுவது இதை நினைத்தால்தான். நாய் முனகுவதைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டிலிருக்கும் வலி மாத்திரையில் பாதியை உடைத்து இட்லிக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். மனிதர்கள் போடும் இபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கக்க வைக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் போகும், ரத்தமே பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். பூனைக்கு ஒரே மாத்திரை போதும், உயிர் போய்விடும். இந்த டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போட்டு, அந்த மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மாண்டன. 2006-ல் மத்திய அரசு அதைக் கால்நடை மருத்துவத்திலிருந்து விலக்கியது. அப்படிப்பட்ட மருந்து நம் வீட்டு அலமாரியில் சாதாரணமாகக் கிடக்கிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. நீங்கள் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால், நாய்க்கென்றே இருக்கும் வலி மருந்தை அதன்மேல் டாக்டர் உடனே கொடுக்க முடியாது, சில நாள் இடைவெளி விட வேண்டிவரும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ரத்தம் வழிந்தால் காபித்தூளை அப்பாதீர்கள். நாய் அதை நக்கும், காபியில் இருக்கும் காஃபின் அதற்கு விஷம். சுத்தமான துணியை மடித்து வைத்து ஐந்து நிமிஷம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். காயத்தில் மண் இருந்தால், காய்ச்சி ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, அதை ஊற்றிக் கழுவினால் போதும். டெட்டால், மஞ்சள் சுண்ணாம்புப் பற்று எதுவும் வேண்டாம். எண்ணெய் போட்டு உருவிவிடவே கூடாது, முறிந்த எலும்பின் முனை ரத்தக்குழாயைக் கிழித்துவிடும்.

மூங்கில் பட்டை வைத்து முட்டை வெள்ளைக்கரு தடவி இறுக்கிக் கட்டிய காலோடு ஒரு குட்டியைக் கறுப்பனின் டாக்டரம்மாவிடம் கொண்டு வந்ததை நான் பார்த்தேன். கட்டிப் பத்து நாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் நாவல்பழ நிறத்தில் வீங்கி நகங்கள் விரிந்து நின்றன. கட்டைப் பிரித்ததும் வந்த நாற்றத்தில் அந்த வீட்டுப் பையன் வெளியே ஓடிவிட்டான். எலும்பு முறிவு சின்னதுதான். காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் போட்ட கட்டாக இருந்தாலும் தினமும் காலையும் மாலையும் நடுவிரல் நகங்கள் இரண்டையும் பாருங்கள். ஒட்டினாற்போல இருந்தவை விலகினால் உள்ளே வீங்குகிறது என்று அர்த்தம். விரல் ஜில்லிட்டாலோ, நாற்றமடித்தாலோ, கட்டு நனைந்தாலோ, நாய் அதையே கடித்துக்கொண்டிருந்தாலோ அன்றே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நான் செய்த தவறு. வயிற்றுக் கசிவு நின்று, நான்காம் நாள் கறுப்பனுக்குத் தொடையில் பிளேட் வைத்து ஆபரேஷன் நடந்தது. எட்டு வாரம் கூண்டோய்வு, மூத்திரம் போக மட்டும் சங்கிலியில் பிடித்து ஐந்து நிமிஷம் என்றார்கள். முதல் வாரம் கண்ணும் கருத்துமாக இருந்தோம். இரண்டாம் வாரம் காலை ஊன்றினான். தையல் பிரித்தாயிற்று. பதினெட்டாம் நாள் கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து ஊளையிட்டான். "பாவம்டா, நல்லாத்தானே நடக்குறான்" என்றார் அம்மா. நான் கதவைத் திறந்துவிட்டேன். நேராக ஓடிப்போய்த் திண்ணைமேல் தாவினான். ஒரு கத்தல், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் இரண்டு திருகாணி பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன, பிளேட் வளைந்திருந்தது. மறுபடி மயக்கம், மறுபடி கத்தி, மறுபடி முதல் நாளிலிருந்து எட்டு வாரம்.

முதல் ராத்திரி நம்பி ஏமாந்த அதே தெம்பை இரண்டாவது முறையும் நம்பினேன். வலி மருந்து வலியைத்தான் குறைக்கும், எலும்பை ஒட்டவைக்காது. குட்டிக்கு எலும்பு ஒரு மாதத்தில்கூடக் கூடிவிடும். வளர்ந்த நாய்க்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பதினெட்டாம் நாளில் அந்த எட்டு வாரத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. அவிழ்த்துவிடுவதைத் தீர்மானிக்க வேண்டியது எக்ஸ்ரே. நாயின் ஊளையும் நம் இரக்கமும் அதைத் தீர்மானிக்கக் கூடாது. கூண்டு இல்லாவிட்டால் கட்டிலோ சோபாவோ இல்லாத சின்ன அறை போதும். வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு விரித்துவிடுங்கள். கழுத்துக்கூம்பு போட்டால் தட்டுத் தடுமாறுகிறது என்று சாப்பிடும்போது கழற்றி, அப்படியே மறந்துவிடாதீர்கள். தையலைப் பல்லால் பிரிக்க ஒரு நாய்க்கு ஐந்து நிமிஷம் தாராளம்.

ஈ மொய்க்க விட்டால் புண்ணில் புழு வைத்துவிடும். முட்டையிட்ட ஒரு நாளைக்குள் புழு நெளியும். அதற்குப் பெட்ரோலும் பினாயிலும் ஊற்றுவதையும், அந்துருண்டை பொடித்துப் போடுவதையும் நிறையப் பேர் செய்கிறார்கள். அது நாய்க்கும் விஷம். புழு இருந்தால் டாக்டர் எடுக்கட்டும்.

பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்ட நாய் என்றால் காலைவிட மூத்திரப்பையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். துணி நனைந்திருந்தால் மூத்திரம் போகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது நிரம்பி வழிவது. உள்ளே தேங்கியது அப்படியே நின்று சீழ் பிடித்துச் சிறுநீரகம்வரை ஏறும். அடிவயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி வெளியேற்றும் முறையை டாக்டர் கையைப் பிடித்தே கற்றுக்கொள்ளுங்கள். தினம் மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பெலும்பு முனையில் படுக்கைப்புண் வந்துவிடும். அது ஆறுவது முறிந்த எலும்பு கூடுவதைவிடப் பெரும்பாடு.

தீபாவளி நெருங்கினால் தேறிவரும் நாயை மாலை ஆறு மணிக்கே உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கூடவே ஒருவர் உட்காருங்கள். ஒரு அணுகுண்டு வெடிச் சத்தம் போதும், பிளேட் வைத்த காலோடு சுவரேறிக் குதிக்கும். கேட்டுக்கு உள்தாழ்ப்பாள் போடுங்கள்.

இன்று ராத்திரி சோறு வைக்கும்போது உங்கள் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். கறுப்பு ஈறு என்றால் கீழ் இமையை மெல்ல இழுங்கள். நல்லாயிருக்கும் நாளில் அந்தச் சிவப்பு எப்படி இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் ஒருமுறை பார்த்து வையுங்கள். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.